ரீசெட் பட்டனைத் தொடும் முன்

டீச் பென்டன்ட்டில் எழுத்து அழிந்துபோகும் முதல் பட்டன் பெரும்பாலும் ரீசெட்தான். ரோபோ நின்றதும் ஆபரேட்டர் அதை அழுத்துவார். ஓடினால் அடுத்த பீஸ். ஓடாவிட்டால் மெயின்டனன்ஸுக்குப் போன். நாம் கருவிப் பையோடு போய்ச் சேரும்போது திரையிலிருந்த முதல் அலாரம் மறைந்து, அவசரத்தில் கிளப்பிவிட்ட வேறு இரண்டு அலாரங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும். அந்த முதல் அலாரத்தை மீட்டெடுப்பது இந்த அத்தியாயத்தின் ஒரு பாதி. ரோபோ தன் இருப்பிடத்தை மறக்காமல் பார்த்துக்கொள்வதும், மறந்துவிட்டால் சரியாக நினைவூட்டுவதும் மறுபாதி.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஃபானுக்கின் மஞ்சள் கையையும் அதன் ஆர்-30ஐஏ, ஆர்-30ஐபி கன்ட்ரோலர்களையும் வைத்தே வரும். ஒரு மேக்கை ஆழமாகப் புரிந்துகொண்டவருக்கு மற்ற மேக்குகளில் மெனுதான் வேறாக இருக்கும். ஃபால்ட்டின் தர்க்கம் மாறாது.

கைவைக்கும் முன்

ஃபென்ஸுக்குள் போகிறவர் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசர் பூட்டியிருக்கிறார், ஆபரேட்டர் பார்த்துக்கொள்கிறார் என்பதெல்லாம் பூட்டு ஆகாது. கரண்ட் இருந்தே தீர வேண்டிய வேலை என்றால் டி1 மோடில், மணிக்கட்டின் வேகம் வினாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகாத நிலையில், டெட்மேன் சுவிட்சைப் பிடித்திருப்பவரே ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்பவராகவும் இருக்க வேண்டும். ஒருவர் உள்ளே எட்டிப் பார்க்க, இன்னொருவர் வெளியே பென்டன்ட்டை அழுத்தும் பழக்கம் நம் ஆலைகளில் நிறையவே உண்டு. அதைக் கண்டால் வேலையை நிறுத்துங்கள்.

மெயின் சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் சர்வோ ஆம்ப்ளிஃபயரின் கெபாசிட்டர்களில் டிசி வோல்டேஜ் தங்கியிருக்கும். சிவப்பு எல்இடி அணைந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். எல்இடியே பழுதாகியிருக்கலாம். மேனுவல் காட்டும் இடத்தில் மீட்டர் வைத்து, 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

அடுத்தது ஈர்ப்பு விசை. ஜே2, ஜே3 மோட்டார்களில் உள்ள பிரேக்தான் கையைத் தாங்குகிறது. அந்த மோட்டாரின் போல்ட்டைக் கழற்றுவது கையைத் தாங்கியிருக்கும் பிடியையே கழற்றுவதாகும். கிரேனில் பெல்ட் போட்டுக் கட்டாமல் அந்த போல்ட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். கிரிப்பரில் காற்றழுத்தம் இருந்தால் அதையும் வடித்துவிடுங்கள்.

அலாரத்தைப் படிப்பது

மெனுவில் அலாரம் பக்கம் போய் எஃப்3 ஹிஸ்டரியைத் திறந்தால் அலாரங்கள் நேரத்தோடு வரிசையாகத் தெரியும். உச்சியில் 1 என்ற எண்ணோடு இருப்பது கடைசியாக வந்தது. நமக்கு வேண்டியது அது அல்ல. கீழே இறங்கி, ரோபோ நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த நேரத்துக்குப் பிறகு முதலில் வந்தது எது என்று பாருங்கள். மேலே நான்கு அலாரம் இருந்தாலும் அவை அந்த ஒன்றின் வால்களாகவே இருக்கும். ஹிஸ்டரியை யாரும் கிளியர் செய்ய விடாதீர்கள். கன்ட்ரோலரின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நாற்பது நிமிடம் பிந்தி ஓடினால், பிஎல்சியின் பதிவோடு ஒப்பிட்டு எது முதலில் நின்றது என்று சொல்லவே முடியாமல் போகும்.

அலாரத்தின் முன்னெழுத்துகள் பாதி வழியைக் காட்டிவிடும். எம்ஓடிஎன் என்று தொடங்கினால் அது இயக்கப் பாதையின் சிக்கல். எம்ஓடிஎன்-023 சிங்குலாரிட்டி, எம்ஓடிஎன்-018 எட்ட முடியாத பாயின்ட். இதற்கு ஸ்பேனரைத் தூக்க வேண்டாம்; நேற்று யார் பாயின்ட் மாற்றியது என்று கேளுங்கள். ஐஎன்டிபி என்றால் புரோகிராம் வரி, பிஆர்ஐஓ என்றால் இன்புட் அவுட்புட். எஸ்ஆர்விஓ என்று வந்தால் சர்வோவும் பாதுகாப்புச் சுற்றும் நம் வேலை.

அந்த எஸ்ஆர்விஓவிலும் 001, 002, 003, 004 ஆகியவை பழுதைக் குறிப்பவை அல்ல. எமர்ஜென்சி ஸ்டாப் அழுந்தியிருக்கிறது, டெட்மேன் விடப்பட்டிருக்கிறது, ஃபென்ஸ் திறந்திருக்கிறது என்று ரோபோ தன் நிலையைச் சொல்கிறது, அவ்வளவே. கதவு மூடியிருந்தும் 004 போகவில்லை என்றால் கேட் சுவிட்ச், அதன் கேபிள், 24 வோல்ட், ஃப்யூஸ் என்ற வரிசையில் போங்கள். போர்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

230, 231 சற்று வேறு ரகம். பாதுகாப்புச் சுற்று இரண்டு சேனலாக ஓடுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் திறந்து ஒரே சமயத்தில் மூட வேண்டும். ஒன்று திறந்து மற்றொன்று திறக்காமல் நின்றால் கன்ட்ரோலர் அதைச் செயின் கோளாறு என்று பூட்டிவிடும். எமர்ஜென்சி பட்டனை அரைகுறையாக அழுத்தினாலே இது வரும். கேட் சுவிட்சின் ஒரு கான்டாக்ட் தேய்ந்திருந்தாலும் வரும். சாதாரண ரீசெட்டில் இது போகாது. தனி ரீசெட் இருக்கிறது. காரணம் தெரியாமல் அந்தத் தனி ரீசெட்டை அடிப்பதைப் போல் ஆபத்தான காரியம் இந்த அத்தியாயத்தில் வேறில்லை. ஒரு சேனல் ஒட்டிக்கொண்டிருக்கும் கான்டாக்டரோடு லைனை ஓட்டினால், இரண்டாவது சேனலும் ஒட்டும் நாளில் எமர்ஜென்சி பட்டன் வெறும் பிளாஸ்டிக். இரண்டு சேனலையும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே அதை அழுத்துங்கள்.

050, அதாவது மோதல் கண்டறிதல், அதிகம் ஏமாற்றும் அலாரம். எதிலும் மோதாமலே வரும். மோட்டார் தான் எதிர்பார்த்ததைவிட அதிகம் முட்டித் தள்ள வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள். கிரிப்பரை மாற்றிவிட்டு பேலோட் எடையை மாற்றாமல் விட்டிருக்கலாம். டிரஸ் கேபிள் எங்கோ மாட்டி இழுக்கலாம். ஒரு பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்திருக்கலாம். இபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தோடு அலாரத்தின் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து அலாரத்தை வாயடைப்பது எளிது. அடுத்த முறை நிஜமாகவே மோதும்போது அதற்கான விலை ரெடியூசரில் தெரியும்.

விட்டு விட்டு வரும் ஃபால்ட்

நைட் ஷிஃப்ட்டில் காதில் விழுந்த ஓர் உரையாடல்:

“அண்ணே, ரீசெட் அடிச்சா ஓடுதுண்ணே.”

“எத்தனை தடவை அடிச்ச?”

“சாயங்காலத்துலேருந்து ஏழெட்டு தடவை இருக்கும்.”

“அப்ப ஓடலடா தம்பி, நின்னு நின்னு போவுது. ஒவ்வொரு தடவையும் கை எங்க நின்னுச்சுன்னு எழுதுனியா?”

“இல்லண்ணே.”

“அதை எழுது மொதல்ல.”

அந்த அண்ணன் சொன்னதற்கு மேல் இந்த இடத்தில் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பென்டன்ட்டில் பொசிஷன் பக்கத்தைத் திறந்து ஆறு ஜாயின்ட்டின் கோணங்களையும், புரோகிராமின் பெயர், வரி எண்ணையும் ஒரு போட்டோ எடுங்கள். நான்கைந்து போட்டோ சேர்ந்ததும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 068 என்ற என்கோடர் தொடர்பு அலாரம் ஜே1 எப்போதும் 60 டிகிரிக்கு மேல் இடப்பக்கம் திரும்பும்போதுதான் வருகிறது என்றால், அடிப்பகுதிக்குள் முறுக்கிக்கொள்ளும் கேபிளில்தான் பழுது. எல்லாக் கோணத்திலும் வருகிறது, ஆனால் பக்கத்து வெல்டர் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் ஷீல்டையும் எர்த்தையும் பாருங்கள். கோணத்தோடும் வெல்டரோடும் சம்பந்தமில்லாமல் மதியம் இரண்டு மணிக்கு மேல் மட்டும் வந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள்.

பாகம் மாற்றிப் பார்க்கும்போது ஒரு தடவைக்கு ஒரு பாகம் மட்டும். பக்கத்து ரோபோவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்ப்பது நல்ல வழிதான். ஆனால் மெயின் போர்டில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அந்த ரோபோவின் புரோகிராம்களும், என்கோடரின் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் மாஸ்டரிங் எண்களும் அந்த போர்டின் எஸ்ரேமில் இருக்கின்றன. போர்டு மாறினால் ஒரு ரோபோவின் நினைவு இன்னொரு கைக்குப் போகும். அதே போல மோட்டார் பக்கத்து என்கோடர் கனெக்டரைக் கழற்றினால் அந்த என்கோடருக்குப் பேட்டரியும் துண்டாகிவிடும். கேபிளை ஆட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பி, மாஸ்டரிங் வேலையைக் கூடுதலாக இழுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இரண்டு பேட்டரி, இரண்டு மறதி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ரோபோ மெயின்டனன்ஸில் பணமும் நேரமும் அதிகம் விரயமாவது இங்கேதான். இத்தனைக்கும் காரணம் சில நூறு ரூபாய் பேட்டரி.

ஃபானுக்கில் இரண்டு இடங்களில் பேட்டரி உண்டு. ஒன்று ரோபோவின் அடிப்பகுதியில். பெரும்பாலான மாடல்களில் நான்கு டி அளவு அல்கலைன் செல்கள். சேர்த்து 6 வோல்ட். கரண்ட் இல்லாதபோது என்கோடர்களின் எண்ணிக்கையைக் காப்பது இவை. மற்றொன்று கன்ட்ரோலரின் மெயின் போர்டில் உள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. புரோகிராம்களும் சிஸ்டம் வேரியபிள்களும் இருக்கும் எஸ்ரேம் மெமரியைக் காப்பது இது. முன்னதை ஆண்டுக்கு ஒருமுறையும் பின்னதை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றிவிட வேண்டும்.

இரண்டும் இரண்டு விதமான மறதிக்கு வழிவகுக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் அரை மணி நேர வேலை இரண்டு நாள் ஆகிறது.

அடிப்பகுதி பேட்டரி இறங்கத் தொடங்கும்போது எஸ்ஆர்விஓ-065 வரும். இது எச்சரிக்கை மட்டுமே. எண்ணிக்கை இன்னும் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்போது கன்ட்ரோலர் ஆனில் இருக்க வேண்டும், எமர்ஜென்சி ஸ்டாப் அழுந்தியிருக்க வேண்டும். எதைத் தொட்டாலும் முதலில் ஆஃப் செய்வது நமக்கெல்லாம் ஊறிப்போன நல்ல பழக்கம். இங்கே மட்டும் அது காலை வாரிவிடும். ஆஃப் செய்துவிட்டுப் பழைய செல்லை உருவினால், ஆறு என்கோடரும் எண்ணிக்கையை விடும். ரீசார்ஜ் செல் போடாதீர்கள், அது 1.2 வோல்ட். நான்கு செல்லையும் ஒன்றாக, ஒரே மேக்கில், புதிதாகப் போடுங்கள். பெட்டியின் மூடியில் தேதியை எழுதி ஒட்டுங்கள்.

065ஐக் கண்டும் காணாமல் விட்டு, ஒரு நீண்ட விடுமுறையும் வந்தால் அடுத்து எஸ்ஆர்விஓ-062. பேட்டரி வோல்டேஜ் பூஜ்யம். இப்போது எண்ணிக்கை போய்விட்டது. என்ன போயிற்று, என்ன போகவில்லை என்று தெரிந்துகொள்வதில்தான் சூட்சுமம். என்கோடர் தன் ஒரு சுற்றுக்குள் எங்கே நிற்கிறது என்பது அதன் தட்டிலேயே பொறித்திருக்கிறது. பேட்டரி போனாலும் அது போகாது. போனது, மோட்டார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்ற கணக்கு. நிமிட முள் சரியாக ஓடும், மணி முள்ளை மட்டும் தொலைத்த கடிகாரம் போல. மணி என்ன என்று நாம் தோராயமாகச் சொன்னால் போதும். நிமிடத்தை அதுவே சரியாகச் சொல்லிவிடும்.

ஃபானுக்கின் குவிக் மாஸ்டர் இதைத்தான் செய்கிறது. ரெடியூசரின் விகிதம் 100 என்று வைத்துக்கொண்டால், மோட்டாரின் ஒரு முழுச் சுற்று ஜாயின்ட்டில் 3.6 டிகிரி. ஜாயின்ட்டின் கோட்டுக் குறிகளை நாம் கண்ணால் பார்த்து 1.8 டிகிரிக்குள் நிறுத்திவிட்டால், அதாவது அரைச் சுற்றுக்குள், மீதியை என்கோடர் தானே சரிசெய்துகொள்ளும். பழைய துல்லியம் அப்படியே திரும்பும். ஒரு பாயின்ட்டையும் மறுபடி டீச் செய்ய வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை: ரோபோ நன்றாக இருந்த காலத்திலேயே குவிக் மாஸ்டர் ரெஃபரன்ஸைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். அதே மெனுவில்தான் ‘செட் குவிக் மாஸ்டர் ரெஃப்’ என்ற வரி இருக்கும். எண்ணிக்கை தொலைந்த பிறகு, அவசரத்தில் ‘குவிக் மாஸ்டர்’ என்பதற்குப் பதில் இதை அழுத்தினால், மீட்க உதவும் ஒரே பதிவையும் நீங்களே அழித்துவிடுவீர்கள். விரலை வைக்கும் முன் வரியைச் சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழட்டும்.

062 வந்த பிறகு வேலை இப்படிப் போகும். முதலில் புதிய செல்கள். பிறகு மெனுவில் சிஸ்டம், மாஸ்டர்/கால் பக்கம். அந்தப் பக்கம் பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் சிஸ்டம் வேரியபிளில் டாலர் மாஸ்டர் ஈஎன்பி என்பதை 1 ஆக்குங்கள். எஃப்3 ஆர்இஎஸ்-பிசிஏ கொடுத்து, ஆம் சொல்லி, கன்ட்ரோலரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். இப்போது 062 போய் 075 வரலாம். என்கோடர் இன்னும் தன் பல்ஸை நிலைநிறுத்தவில்லை என்று பொருள். ஜாயின்ட் மோடில் ஒவ்வோர் அச்சையும் மோட்டார் ஒரு சுற்றுக்கு மேல் சுழலும் அளவுக்கு மெதுவாக நகர்த்தி ரீசெட் அடித்தால் அதுவும் போகும். அச்சின் எல்லை எது என்று ரோபோவுக்கே தெரியாத நேரம் இது. சாஃப்ட்வேர் லிமிட் காப்பாற்றாது, உங்கள் கண்தான் லிமிட். அதன் பின் குறிகளைச் சேர்த்து நிறுத்தி, குவிக் மாஸ்டர், காலிபரேட், கடைசியில் டன்.

குறிகள் தெரிவதில்லை என்பது நடைமுறைச் சிக்கல். வெல்டிங் பொறியும் பெயின்ட்டும் கிரீஸும் சேர்ந்து மூடியிருக்கும். நல்ல நாளிலேயே அவற்றைத் துடைத்து, போட்டோ எடுத்து வையுங்கள். ஜே4 முதல் ஜே6 வரையுள்ள குறிகள் சிறியவை. டார்ச் அடித்தால்தான் தெரியும்.

குவிக் ரெஃபரன்ஸ் பதிந்திருக்கவில்லை என்றால் ஜீரோ பொசிஷன் மாஸ்டர்தான் கதி. அது நம் கண்ணை நம்பிய வேலை. கண் 0.1 டிகிரி தவறினாலும், 2 மீட்டர் நீட்டிய கையின் நுனியில் அது 3.5 மி.மீ. ஸ்பாட் வெல்டிங்கில் புள்ளி ஃபிளேஞ்சை விட்டு வெளியே விழ அது போதும். பாயின்ட்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருத்த வேண்டி வரும். மோட்டாரையோ ரெடியூசரையோ மாற்றியிருந்தால் குவிக் மாஸ்டர் செல்லாது; என்கோடரும் கையும் சேர்ந்த பழைய உறவே மாறிவிட்டது. அங்கே அந்த அச்சுக்கு மட்டும் சிங்கிள் ஆக்சிஸ் மாஸ்டர், அல்லது ஃபிக்ஸ்சர்.

இனி இரண்டாவது மறதி. கன்ட்ரோலரின் லித்தியம் பேட்டரி இறந்தால் கையின் எண்ணிக்கை பத்திரமாக இருக்கும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற மாஸ்டரிங் தகவலும் புரோகிராம்களும்தான் போகும். இங்கே கையை நகர்த்திக் குறி சேர்க்கும் வேலையே தேவையில்லை. பேக்கப்பைத் திருப்பி ஏற்றினால் போதும். மாஸ்டரிங் தகவல் சிஸ்மாஸ்ட் என்ற கோப்போடு திரும்பி வரும். பேக்கப்பே இல்லையென்றால், மாஸ்டர் கவுன்ட் எண்கள் ஆறையும் எங்கோ எழுதி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த ஆறு எண்ணைக் கையால் ஏற்றிக் காலிபரேட் செய்தாலே மாஸ்டரிங் மீண்டுவிடும். புரோகிராம்கள் மட்டும் போனவை போனவைதான். டாலர் டிஎம்ஆர் குரூப்பில் இருக்கும் அந்த எண்களைத் தாளில் அச்சிட்டு லேமினேட் செய்து பேனல் கதவின் உட்புறம் ஒட்டுவது நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் வேலை. மோட்டாரை மாற்றினால் தாளையும் மாற்ற வேண்டும் என்பதைத் தாளிலேயே எழுதுங்கள்.

எஸ்ஆர்விஓ-038 மூன்றாவது வகை. ஆஃப் செய்தபோது இருந்த எண்ணும் ஆன் செய்தபோது வந்த எண்ணும் பொருந்தவில்லை என்கிறது அது. ஆஃபில் பிரேக்கை விடுவித்து யாராவது கையை அசைத்திருக்கலாம். பழைய பேக்கப் இமேஜை ஏற்றியிருந்தாலும் வரும். இங்கே மாஸ்டரிங் பெரும்பாலும் கெட்டிருக்காது. அதே ஆர்இஎஸ்-பிசிஏவால் அலாரத்தை நீக்கிவிட்டு, முதலில் சரிபாருங்கள். சரியாக இருப்பதை மாஸ்டரிங் செய்து கெடுக்க வேண்டாம்.

சரிபார்ப்பது எப்படி? ஃபிக்ஸ்சரில் நகராத ஓர் இடத்தில் கூர்முனை ஒன்றைப் பொருத்துங்கள். டூலிலும் ஒரு கூர்முனை அல்லது தெளிவான ஒரு விளிம்பு. இரண்டும் நுனியோடு நுனி வந்து நிற்கும் ஒரு பாயின்ட்டை டீச் செய்து, அதற்குத் தனியாக ஒரு புரோகிராம் வையுங்கள். மாதம் ஒருமுறையும், மோதலுக்குப் பிறகும், மாஸ்டரிங்குக்குப் பிறகும் அதைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். நுனிகள் சேர்ந்தால் லைனை விடலாம். விலகி நின்றால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று அளந்து பார்த்தால் எந்த அச்சு தவறியது என்று ஊகிக்கலாம். கையை வேறு விதமாக மடக்கி அதே புள்ளிக்கு வரும் இரண்டாவது பாயின்ட்டும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தோரணையில் மறையும் பிழை மறு தோரணையில் பல்லிளிக்கும்.

மற்ற மேக்குகளில் இதே கதை வேறு பெயரில். ஏபிபியில் எஸ்எம்பி போர்டின் பேட்டரி. இறங்கினால் 38213, போய்விட்டால் குறிகளைச் சேர்த்து ரெவல்யூஷன் கவுன்ட்டரை அப்டேட் செய்வது, நம் குவிக் மாஸ்டரின் சகோதரம். யஸ்காவாவில் அலாரம் 4107. இரண்டாவது ஹோம் பொசிஷனுக்குக் கொண்டுபோய் உறுதி செய்ய வேண்டும். கூகா கேஆர் சி4இல் கன்ட்ரோலரிலுள்ள பேட்டரிகள்தான் கரண்ட் போன பிறகு எல்லாவற்றையும் சேமித்து முறையாக மூட நேரம் தருகின்றன; மாஸ்டரிங்குக்கு ஈஎம்டி என்ற தனிக் கருவி உண்டு. அது ஸ்டோரில் பூட்டிக் கிடந்து, சாவி ஜெனரல் ஷிஃப்ட் ஆளிடம் இருந்தால் இரவு முழுக்க லைன் நிற்கும்.

கிரீஸ்

ரெடியூசர் கிரீஸை மூன்று ஆண்டு அல்லது 11,520 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ஃபானுக் அட்டவணை. மேனுவல் சொல்லும் கிரீஸையே போடுங்கள். பேரிங்குக்கு வாங்கிய டின்னில் மிச்சம் இருக்கிறது என்று அதை ரெடியூசருக்குள் தள்ளுவது, லட்சக்கணக்கில் விலையுள்ள பாகத்துக்குச் செய்யும் துரோகம்.

வெளியேறும் துளையின் பிளக்கைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பம்ப் செய்ய வேண்டும். மூடியபடி அழுத்தினால் கிரீஸ் போக வழியில்லாமல் ஆயில் சீலைப் பிதுக்கி மோட்டாருக்குள் போகும். கை பம்ப் போதும். காற்றில் ஓடும் பம்ப் வேகத்தில் சீலைக் கொன்றுவிடும். புதிய நிறம் வெளியே வந்ததும் உடனே பிளக்கைப் போட்டுவிடாதீர்கள். துளை திறந்திருக்க, அந்த அச்சைச் சிறிது நேரம் முன்னும் பின்னும் ஓட்டி உள்ளிருக்கும் அழுத்தத்தை வடிய விடுங்கள். வெளியே வந்த பழைய கிரீஸைக் கழிவுத் துணியில் துடைத்து எறியும் முன் விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்திருப்பது இயல்பு. மினுமினுப்பு கூடியிருந்தால் இரும்புத் தூள், பல் தேய்கிறது. ஒரு சிறு டப்பாவில் எடுத்து, அச்சின் பெயரும் தேதியும் எழுதி வைத்தால் அடுத்த முறை ஒப்பிட ஏதாவது இருக்கும்.

பேனலும் வெயிலும்

ஆர்-30ஐபி கன்ட்ரோலர் சுற்றுப்புற வெப்பத்தை 45 டிகிரி வரை தாங்கும். மே மாதத்தில் சென்னைப் பக்கம் தகர ஷெட்டுக்குள் வெல்டிங் லைன் ஓடும்போது அந்த எல்லை அவ்வளவு தூரத்தில் இல்லை. அதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம்: பேனல் கதவைத் திறந்து வைத்து, எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன். வெளிக்காற்று பின்புறத் துடுப்புகளை மட்டும் குளிர்விக்க, உட்காற்று உள்ளேயே சுற்றும்படி அந்தப் பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் அந்தப் பிரிவினை போய், கிரைண்டிங் தூசியும் எண்ணெய்ப் புகையும் போர்டுகளில் போய்ப் படியும். இரும்புத் தூசி ஈரத்தோடு சேர்ந்தால் கரண்டுக்குப் புது வழி. கதவை மூடுங்கள். பின்புறம் போய் ஃபேன் சுற்றுகிறதா, துடுப்பில் தூசி அடைத்திருக்கிறதா, சுவரை ஒட்டி அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை அங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ரோபோவும் ஆயுதம்தான். ஆனால் குங்குமத்தை ஃபோட்டோ சென்சரின் கண்ணிலும் கேமரா லென்ஸிலும் வைக்காதீர்கள். மாலையை ஜே1க்கும் டிரஸ் கேபிளுக்கும் நடுவே போடாதீர்கள். கேட் சுவிட்சில் கட்டிய வாழைக்கன்று மறுநாள் 004ஆக வரும்.

லீவுக்கு முன், லீவு முடிந்து

2020 ஊரடங்கில் ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, அரை உயிரில் இருந்த பேட்டரிகளின் கதை அங்கேயே முடிந்தது. பொங்கலுக்கும் வருடாந்தர ஷட்டவுனுக்கும் அதே ஆபத்து, சிறிய அளவில். லீவுக்கு முந்தைய வாரம் 065 ஹிஸ்டரியில் எட்டிப் பார்த்திருக்கிறதா என்று ஒவ்வொரு ரோபோவிலும் பாருங்கள். பேட்டரி வயது ஓர் ஆண்டை நெருங்கினால் காத்திருக்காமல் மாற்றுங்கள். எல்லா ரோபோவிலும் பேக்கப் எடுங்கள், இரண்டு வகையும். ‘ஆல் ஆஃப் அபவ்’ என்பது தனித்தனிக் கோப்புகள். ஒரு புரோகிராமை மட்டும் திருப்ப வேண்டுமானால் அது கைகொடுக்கும். இமேஜ் பேக்கப் என்பது மெமரி முழுவதும் அப்படியே. போர்டே போனாலும் மீள அது வேண்டும். பென் டிரைவைப் பேனலுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். தீயோ தண்ணீரோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ஒரு பிரதி அலுவலகக் கம்ப்யூட்டரில், ரோபோ எண்ணும் தேதியும் கொண்ட ஃபோல்டரில்.

திறக்கும் நாளில் முதல் சைக்கிளை ஆட்டோவில் முழு வேகத்தில் விடாதீர்கள். கூர்முனைகளைச் சேர்த்துச் சரிபார்க்கும் அந்தப் புரோகிராம் முதலில். பிறகு பார்ட் இல்லாமல் ஓவர்ரைடு 10 சதவீதத்தில் ஒரு சுற்று; விரல் ஹோல்ட் பட்டனில் இருக்கட்டும்.

சர்வீஸுக்குப் போன் செய்வது

“ரோபோ வேலை செய்யல சார்” என்று தொடங்கும் அழைப்புக்கு எதிர்முனையில் கேட்கப்படும் கேள்விகள் எப்போதும் ஒன்றே. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே போன் செய்யுங்கள். ரோபோ மாடல், கன்ட்ரோலர் வகை, லேபிளில் எஃப் என்று தொடங்கும் எண். முதல் அலாரமும் அதைத் தொடர்ந்தவையும் நேரத்தோடு. நின்றபோது இருந்த கோணங்கள். கடைசியாக என்ன மாற்றினீர்கள்: கிரிப்பரா, கேபிளா, புரோகிராமா. இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள். முக்கியமாக, ஆர்இஎஸ்-பிசிஏவோ மாஸ்டரிங்கோ ஏற்கெனவே யாராவது அடித்துவிட்டார்களா என்பது. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஷிஃப்ட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ஒருவரைப் பார்த்துக் கேட்காமல் ஹிஸ்டரியின் நேரத்தைப் பாருங்கள். கன்ட்ரோலர் கடைசியாக எப்போது ஆஃப் ஆகி ஆன் ஆனது, அதற்குப் பின் 075 வந்து போயிருக்கிறதா என்பதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.